குண்டூசியின் இரண்டு சீட்டு வண்டி

மூன்று வயதில் வந்த விஷக் காய்ச்சலை என் தங்கை ஜெயித்தாள். அந்த வார்டில் அதே காய்ச்சலோடு படுத்திருந்த நான்கு பிள்ளைகளில் வீடு திரும்பியவர்கள் இரண்டு பேர். அதில் இவள் ஒருத்தி. பத்தொன்பது வயதில், பெண்களுக்கு இங்கே வேலை இல்லை என்று வாசலிலேயே சொன்ன கார் சீட் பட்டறைக்குள் நுழைந்து, பதினோரு ஆண்களுக்கு நடுவே ஒரு தையல் மெஷினைத் தனக்கென்று பிடித்தாள். இருபத்தெட்டில் சொந்தப் பட்டறை வைத்தாள். முப்பத்தைந்தில், ஐந்து பெரிய பட்டறைகள் போட்டி போட்ட நாற்பது ஆம்புலன்ஸுகளின் சீட் வேலையை வாங்கினாள். மாதிரிக்குக் கேட்ட ஒரு சீட்டில் மற்றவர்கள் பதினைந்து வருஷ அனுபவத்தைக் காட்டினார்கள். இவள் தையலை உள்பக்கமாகத் திருப்பி, ரத்தம் பட்டால் துடைத்து எடுக்க வசதி செய்திருந்தாள். நாற்பத்தொன்றில் டிரைவிங் லைசென்ஸ் வாங்கினாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படங்களைக் காட்டி வாயால் கேட்பார்கள். முப்பது கேள்விக்கு இருபத்தொன்பது சரி. தவறிய ஒன்றைப் பற்றி இன்றைக்கும் சண்டை போடுவாள், அந்தப் படமே தப்பாக வரைந்தது என்று.

நான் அவளுக்கு ஐந்து வயது மூத்தவள். தங்கையைப் பற்றி அக்கா எழுதினால், காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். நான் கொடுக்கும் எண்களில் மட்டும் தவறு இருக்காது.

நான் படித்தது எட்டாம் வகுப்பு வரை. அவள் பள்ளிக்கூடத்தை உள்ளே போய்ப் பார்த்ததே இல்லை. அம்மா படுத்த படுக்கையாக இருந்தாள். கூட ஒருத்தி இருக்க வேண்டும். நான் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்ததால் அவள் இருந்தாள். அவள் இருந்ததால் நான் எட்டு வரை போனேன்.

பட்டறையில் அவளுக்குப் பெயர் குண்டூசி. உருவமும் அப்படி, பேச்சும் அப்படி. வெட்டுவதும் தைப்பதும் அவள் வேலை. சாமான் அறையும், தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பதும், வண்டிகளும் என் பொறுப்பு. எங்கள் வீட்டில் இருந்த வண்டிகள் இரண்டு: பட்டறை வேன், தங்கை வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிள். இரண்டுக்கும் என்னிடம் தனித்தனி நோட்டு உண்டு. எந்தத் தேதியில் ஆயில் மாற்றியது, எந்தச் சனிக்கிழமை எந்த டயரில் காற்று குறைந்திருந்தது, எல்லாம் அதில் இருக்கும். வேனை வாங்குமுன் நாற்பது நாள் அதைச் சோதித்தேன். குளிரில் ஸ்டார்ட் செய்து பார்த்தேன், சுமை ஏற்றிப் பார்த்தேன், அடியில் படுத்துப் பார்த்தேன். அந்த வேன் பத்தொன்பது வருஷத்தில் ஒரு முறைகூட வழியில் நின்றதில்லை. அதனால் வண்டி விஷயத்தில் வீட்டில் என் சொல்தான் கடைசிச் சொல்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது நடந்தபோது, மேசையின் ஓரத்தில் வைத்த கத்தரிக்கோலை அடிக்கடி தட்டிவிட ஆரம்பித்தாள். நேரே இருக்கும் நூல் தெரிகிறது, பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியவில்லை. கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். கண்ணுக்குள் அழுத்தம் என்றார். ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே நடுவுக்கு வரும், போனது திரும்பாது, மருந்து வேகத்தைத்தான் குறைக்கும்.

"வண்டி ஓட்டுவீங்களாம்மா?" என்று கேட்டார்.

"ஓட்டாம? வேன் நான்தான் காலைல எடுப்பேன்."

"பகல்ல மட்டும் ஓட்டுங்க. ஆறு மாசமோ, எட்டு மாசமோ, அதுக்கு மேல சொல்ல முடியாது. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க. நான் நிறுத்தச் சொன்னா அன்னைக்கே நிறுத்திடணும்."

"நீங்க சொன்னா நிறுத்திடறேன் சார். அதுவரைக்கும் ஓட்டலாம்ல?"

"ஓட்டலாம்."

அது 2017 ஆகஸ்ட் ஏழாம் தேதி. திரும்பும்போது வேனை அவளே ஓட்டினாள். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் வாய் மூடி நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்த மாதம் பதினொன்றாம் தேதி, பல் டாக்டர் ஒருவர் தன் சின்னக் காரை சீட் தைக்கக் கொண்டுவந்து விட்டார். இரண்டு கதவு, இரண்டே சீட்டு, மடக்குகிற துணிக் கூரை. பாசிப்பச்சை நிறம். உயரம் என் இடுப்புக்கு இருக்கும். பின்னால் சாமான் வைக்கிற இடத்தில் ஒரு ரெக்சின் சுருள்கூட நுழையாது. நான் வைத்துப் பார்த்தேன்.

"தைச்சு முடிச்சா வித்துடுவேம்மா," என்றார் பல் டாக்டர். "ஏறும்போது சந்தோஷமாத்தான் இருக்கு. இறங்கும்போது பெத்த தாயைக் கூப்பிட வேண்டியிருக்கு. முட்டி ரெண்டும் போச்சு."

அவர் போன பிறகு தங்கை அந்தக் காரைச் சுற்றி வந்தாள். ஸ்டீரிங்கைத் தொட்டாள். கதவைத் திறந்து மூடினாள். பிறகு நூலைக் கடித்துக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, இத நாம வாங்கலாம்."

தனக்கு இது வேண்டும் என்று அவள் கேட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. அம்மாவின் மருந்து, மகளின் படிப்பு, பட்டறைக்கு மெஷின், எல்லாம் கேட்டிருக்கிறாள். தனக்கென்று கேட்டது அந்தக் கார்தான்.

ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் சாவியைக் கொடுத்து, ஓட்டிப் பாருங்கள் என்றார். ஆற்றங்கரை ரோட்டில் அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கூரையை மடக்கியிருந்தோம். போக இருபது நிமிஷம், வர இருபது நிமிஷம். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் எங்கே நிற்கிறது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது முன்சக்கரத்தில் ஒரு சத்தம் வந்தது, அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கியர் மாற்றும்போது உதறுகிறதா என்று பார்த்தேன். அவள் சிரித்தது காதில் விழுந்தது. திரும்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் காரை அவள் சாலையில் ஓட்டியது அந்த ஒரே நாள்தான், அந்த நாற்பது நிமிஷம்தான். அன்று முள் எங்கே நின்றது என்பது என் நோட்டில் இருக்கிறது. அவள் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அன்று சாப்பிடும்போது பேச்சு வந்தது. தங்கை வீட்டுக்காரர் டவுன் பஸ் டிரைவர். அவர்கள் மகள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். நாங்கள் நாலு பேர்தான் வீடு.

"அம்மா, நாம நாலு பேரு, அது ரெண்டு பேர் வண்டி," என்றாள் மகள். "மீதி ரெண்டு பேரு பின்னாடியே ஓடி வரணுமா?"

"உங்கப்பா ஓடி வரட்டும். பஸ்ஸுல உக்காந்து உக்காந்து தொப்பை போட்டுருச்சு."

"ஐம்பது பேர ஏத்திக்கிட்டுப் போறவன்டி நான்," என்றார் அவர். "அதுல என்னைத் திணிச்சா முட்டி காதுக்கு வந்துடும்."

"வரட்டுமே. காது சொறிய வசதியா இருக்கும்."

மகள் சிரித்துவிட்டு, மறுபடி கேட்டாள். "விளையாடாதம்மா. அதால என்ன பிரயோஜனம்?"

"ஒரு பிரயோஜனமும் இல்ல. அதனாலதான் கேக்கறேன்." தங்கை தட்டைத் தள்ளி வைத்தாள். "வேன எடுத்தா பின்னாடி யாரோட சீட்டாவது இருக்கும். கொண்டுபோய் எறக்கணும், கையெழுத்து வாங்கணும், திரும்பணும். இந்தக் கார்ல ஒண்ணத்தையும் ஏத்த முடியாது. சும்மா போவேன், சும்மா வருவேன். எத்தனை மாசம் இருக்கோ அத்தனை மாசம்."

பிறகு மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அக்கா சரின்னா எனக்குச் சரி," என்றார் தங்கை வீட்டுக்காரர்.

நான் சொன்னேன்: "பாக்கலாம்."

எங்கள் தொழிலில் ஒன்று தெரியும். வண்டியின் உண்மை இன்ஜினில் இல்லை, தரைவிரிப்புக்கு அடியில் இருக்கிறது. மழைத் தண்ணீர் ஒரு முறை உள்ளே இறங்கினால் விரிப்புக்கு அடியில் இருக்கும் நுரைப்பஞ்சில் தங்கிவிடும். மேலே காய்ந்து தெரியும்; கீழே தகரத்தை அரித்துக்கொண்டிருக்கும். விரிப்பைத் தூக்கும்போது காலடித் தகரம் அப்பளமாக நொறுங்கிய கார்களை நாங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறோம். துணிக் கூரை வண்டியை ஒரு மழையாவது பார்க்காமல் வாங்க என் மனம் ஒப்பவில்லை.

"பைப்ப வச்சு அடிச்சுப் பாக்கலாமேக்கா," என்றாள்.

"பைப் தண்ணி மேலேர்ந்து விழும். மழை காத்தோட பக்கவாட்டுல அடிக்கும். ரெண்டும் ஒண்ணாடி?"

"இல்லதான்," என்றாள். அவளுக்கும் அந்தத் தொழில்தானே.

பல் டாக்டர் நல்லவர். முடிவு சொல்லும் வரை கார் பட்டறைக் கொட்டகையிலேயே நிற்கட்டும் என்றார். ஆனால் பெயர் மாற்றும் வரை அது சாலையில் இறங்கக் கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். இன்னொருவர் பெயரில் இருக்கும் வண்டி, இன்சூரன்ஸும் அவர் பெயரில், ஒரு கீறல் விழுந்தாலும் நமக்குத் தலைவலி. தங்கை மறுத்துப் பேசவில்லை. தினமும் வேலை முடிந்ததும் அதில் ஏறி, முற்றத்தில் முன்னால் முப்பது அடி ஓட்டுவாள், பின்னால் முப்பது அடி வருவாள். சில நாள் ஐந்தாறு தடவை. பட்டறை ஆட்கள், "குண்டூசிக்கா, எந்த ஊரு போயிட்டு வர்றீங்க?" என்று கேட்பார்கள். "கடல் வரைக்கும் போயிட்டு வந்தேன்டா, காத்து நல்லா இருந்துச்சு," என்பாள்.

அந்த வருஷம் மழை தாமதம். அக்டோபர் முதல் வாரத்தில் வர வேண்டியது நவம்பர் இருபத்தொன்றாம் தேதி வந்தது. காரை முற்றத்தில் நிறுத்திவிட்டு நான் குடையோடு பக்கத்தில் நின்றேன். மறுநாள் விரிப்பைத் தூக்கினால் வலது பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். பார்த்தாயா என்றேன். எனக்கு அப்போது சந்தோஷம்கூட இருந்தது, நான் சொன்னது சரியாகிவிட்டதே என்று. தங்கை தானே புதுக் கூரை தைத்தாள். பதினாறு நாள் ஆயிற்று. டிசம்பரில் கண் டாக்டர், இன்னும் ஓட்டலாம், ஆனால் மழையிலும் மாலையிலும் வேண்டாம் என்றார். புதுக் கூரைக்கு இன்னொரு மழை வேண்டியிருந்தது. அது ஜனவரி ஒன்பதாம் தேதி வந்தது. விரிப்பு காய்ந்திருந்தது. அதன் பிறகு அந்த இடது சக்கரத்துச் சத்தம். மெக்கானிக்கிடம் காட்டி, பேரிங் மாற்றி, மாற்றியதைச் சோதித்து, பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி நான் "சரி, வாங்கலாம்" என்றேன்.

வேனுக்கு நாற்பது நாள். இதற்கு நூற்று நாற்பத்தெட்டு நாள்.

பெயர் மாற்ற, பதினைந்தாம் தேதி தங்கையும் அவள் வீட்டுக்காரரும் நானும் வண்டிப் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். பட்டறை என் பெயரில், வேன் என் பெயரில், வீடு அவள் வீட்டுக்காரர் பெயரில். கார் அவள் பெயரில்தான் என்று தங்கை முதலிலேயே சொல்லியிருந்தாள். லைசென்ஸுக்குக் கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தவள், இதற்கும் அப்படித்தான் என்று நினைத்தோம். இப்போது அதற்கு ஒரு மெஷின் வந்துவிட்டது. கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. துடைத்து வைத்தாள். சிவப்பு. இடது கையை வைத்தாள். மறுபடி சிவப்பு.

கவுன்டரில் இருந்த அம்மா எழுந்து வந்து அவள் விரலைப் பிடித்துப் பார்த்தார். "என்னம்மா இது, விரல்ல கோடே இல்லையே! வழுவழுன்னு இருக்கு. என்ன வேலை பாக்கறீங்க?"

"சீட்டு தைக்கறேன்."

முப்பத்து மூன்று வருஷம் மெழுகு நூலை இழுத்ததும், குத்தூசியை அழுத்தியதும், பசையைத் துடைக்கும் எண்ணெயும் சேர்ந்து அந்த ரேகையைத் தேய்த்துவிட்டிருந்தன. நான் தினமும் பார்க்கும் கை. இதை நான் கவனித்ததில்லை.

"கையெழுத்து போடுங்க, மூணு இடத்துல. மூணும் ஒரே மாதிரி இருக்கணும்," என்றார் அந்த அம்மா. "போட வராதுன்னா வீட்ல வேற யார் பேருக்காவது மாத்திக்கங்க. இன்னைக்கே முடிச்சுத் தர்றேன்."

"அக்கா பேர்லயே போட்டுடலாமே," என்றார் தங்கை வீட்டுக்காரர். "யார் பேர்ல இருந்தா என்ன, ஓட்டப்போறது நீதானே."

"அக்கா பேர்ல ஏற்கெனவே ஒரு வண்டி இருக்கு," என்றாள் தங்கை. "ஃபாரத்த குடுங்கம்மா. கத்துக்கிட்டு வர்றேன்."

"நாள் ஆகுமேடி," என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஃபாரத்தை வாங்கிப் பையில் வைத்தேன்.

வீட்டில் பென்சிலால் அவள் பெயரை எழுதிக் கொடுத்தேன். நான்கு எழுத்துப் பெயர். அவள் பேனாவைக் குத்தூசி மாதிரி பிடித்தாள். தாள் பொத்துக்கொண்டு போயிற்று. நேரே பார்க்கும் பார்வை அப்போதும் இருந்தது, ஆனால் சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பது போல. ஒரு எழுத்தைப் பார்த்தால் அடுத்த எழுத்து தெரியாது. நான்கு நாள் தாளைக் கிழித்தாள். ஐந்தாம் நாள் பட்டறையிலிருந்து ஒரு கறுப்புத் தோல் துண்டை எடுத்து வந்து என் முன் போட்டாள்.

"இதுல சாக்பீஸ்ல பெருசா எழுது."

எழுதினேன். அதன் மேலேயே வெள்ளை நூலால் தைத்துக்கொண்டு போனாள். முடித்துவிட்டு விரலால் தடவினாள். மறுபடி தடவினாள்.

"ஓகோ. இது இங்க வந்து சுத்திக்கிட்டு கீழ எறங்குதா? இத நீ வாயால சொன்னா எனக்கு எப்படிடி புரியும்!" என்று அக்காவை டி போட்டுத் திட்டினாள். கோபம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் அப்படித்தான்.

அந்தப் பெயரை முப்பத்தெட்டு துண்டுகளில் தைத்தாள். வர வர எழுத்து சிறிதாயிற்று. பிறகுதான் பேனாவை எடுத்தாள். மகள் பார்த்துவிட்டு, "அம்மா, என் எழுத்தவிட நல்லா இருக்கு," என்றாள். "நீ டாக்டருங்களோட சேந்து கெட்டுப்போயிட்ட," என்றாள் தங்கை.

மார்ச் பன்னிரண்டாம் தேதி, கண் டாக்டரிடம் அவளை மகள் கூட்டிப் போனாள். வந்ததும் கேட்டேன். "அப்படியேதான் இருக்காம்," என்றாள் தங்கை. மகள் செருப்பைக் கழற்றுவதற்கு நெடுநேரம் எடுத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் வேன் சாவி ஆணியில் இல்லாமல் என் மேசை மேல் கிடந்தது. இடம் மாறிக் கிடக்கிறதே என்று எடுத்து ஆணியில் மாட்டினேன்.

இதை எழுதும் இன்று அவளுக்கு வெளிச்சம் எது, இருட்டு எது என்று மட்டும் தெரியும். கைத்தையல் வேலை இன்னும் அவளுடையதுதான். அவள் தைத்த சீட்டை எவரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் காரை நான் ஓட்டுகிறேன். பக்கத்து சீட்டில் அவள் உட்கார்ந்து, நான் கியர் மாற்றுவது சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டே வருவாள்.

மறுபடி பதிவு அலுவலகத்துக்குப் போனது, மகள் அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போய் இரண்டு நாள் கழித்து. நானும் அவளும் மட்டும். டோக்கன் எண் அறுபத்தொன்று. ஐம்பத்து நான்கு ஓடிக்கொண்டிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"பட்டறைக்குப் போனதும் காரை நீயே எடு," என்றேன். "ஆத்தங்கரை ரோட்டுக்குப் போவோம். இந்தத் தடவை நான் முள்ளைப் பாக்க மாட்டேன்."

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கத்தாத."

"என்ன?"

"திங்கக்கிழமையே டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாரு. வேன் சாவிய உன் மேசைல வச்சேனே. நீ புரிஞ்சுப்பேன்னு நெனச்சேன்."

"ஏண்டி அன்னைக்கே சொல்லல?" என்றேன்.

"சொன்னா இங்க வந்திருப்பியா? ஓட்டாத ஆளுக்கு எதுக்குக் கார்னு மறுபடியும் 'பாக்கலாம்'னு சொல்லியிருப்ப."

அது உண்மை. அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"அந்த நூத்தி நாப்பத்தெட்டு நாள..." என்று ஆரம்பித்தேன்.

"எண்ண எனக்கும் தெரியும்க்கா," என்றாள்.

பரவாயில்லை என்று சொல்லவில்லை. உன் மேல் தப்பில்லை என்றும் சொல்லவில்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேணாம்னா இப்பவே வீட்டுக்குப் போயிடலாம்," என்றேன்.

"எதுக்கு? எனக்குக் கார் வேணும்னு சொன்னேன். இன்னும் வேணும். ஓட்ட முடியாட்டி என்ன, என்னுதுதானே? நம்பரைப் பாரு, எத்தனை ஓடுது?"

அறுபது ஓடியது. பிறகு அறுபத்தொன்று.

அதே அம்மாதான் கவுன்டரில் இருந்தார். "கையெழுத்து வந்துடுச்சாம்மா?" என்று கேட்டார். தங்கை தலையாட்டினாள். ஃபாரத்தைக் கிட்டே இழுத்து, முகத்தை இப்படியும் அப்படியும் நகர்த்திக் கோட்டைத் தேடிப் பிடித்தாள். கோடு தப்பிப் போகாமல் இருக்க அதன் கீழே இடது ஆட்காட்டி விரலை வைத்துக்கொண்டாள். முதல் இடத்தில் கையெழுத்து கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. இரண்டாவது நேராக வந்தது. மூன்றாவதைப் போடும்போது அவள் தாளைப் பார்க்கவே இல்லை. அந்த அம்மா மூன்றையும் ஒத்துப் பார்த்து, முத்திரை குத்தி, "தேதியைப் போடுங்க," என்றார்.

எண் எழுத அவளுக்குத் தெரியாது. பேனாவை என்னிடம் நீட்டினாள். என் தங்கை முதன்முதலாகத் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்ட இடத்துக்குப் பக்கத்தில் நான் எழுதினேன்: 2018 மார்ச் 14, புதன்கிழமை.